எரிந்த கோப்பும் ஒரு குறிப்புத்தாளும்: வேவர்லி உட்சனின் பதக்கம் 80 ஆண்டுகள் தாமதமான கதை

அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒருவர், தன் பணி ஆவணத்தில் பதக்கங்கள் விடுபட்டிருக்கின்றன, சேர்த்துத் தாருங்கள் என்று எழுதிக் கேட்டால், அவர் எவ்வளவு துணிச்சலாகச் சண்டை போட்டார் என்று பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை. எந்த உத்தரவில் இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டார், நகல் எங்கே என்றுதான் கேட்பார்கள். தாள் இருந்தால் வேலை சுலபம். தாள் இல்லையென்றால், அதுவும் அரசாங்கத்தின் கையில் இருந்தபோதே அழிந்துபோயிருந்தால், என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு வேவர்லி உட்சனைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அவர் பெயருக்கு உரிய பதக்கம் கிடைத்தது 2024இல். அவர் இறந்தது 2005இல். அவர் காரியம் செய்த நாள் 1944 ஜூன் 6, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் அதன் நேச நாடுகளும் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் படைகளை இறக்கிய நாள்.

உட்சன் 1922இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். கறுப்பின மாணவர்களுக்கென்று பென்சில்வேனியாவில் ஏற்பட்ட லிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டராகும் ஆசையோடு படித்துக்கொண்டிருந்தார். 1942 டிசம்பரில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் அதிகாரி ஆவதற்கான தகுதியும் பெற்றார். ஆனால் அங்கே கறுப்பின அதிகாரிக்கு இடம் காலியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைய அமெரிக்க ராணுவம் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது; 1948இல் அதிபர் ட்ரூமன் ஆணை பிறப்பித்த பிறகுதான் அது மாறத் தொடங்கியது. உட்சனுக்குக் கிடைத்தது மருத்துவ உதவியாளர் வேலை, 320ஆவது தடுப்புப் பலூன் படைப்பிரிவில்.

தடுப்புப் பலூன் இன்று யாருக்கும் பழக்கமில்லாத பொருள். வாயு நிரப்பிய பலூன்களை எஃகுக் கம்பியில் கட்டிக் கடற்கரைக்கு மேலே மிதக்க விடுவார்கள். தாழப் பறந்து வந்து சுட நினைக்கும் எதிரி விமானம் அந்தக் கம்பிகளில் மாட்டிக்கொள்ளும் அபாயம் இருப்பதால் கிட்டே வராது. நார்மண்டி தரையிறக்கத்தில் அன்று கரையேறிய ஒரே கறுப்பினப் போர்ப்பிரிவு இதுதான்.

உட்சன் வந்த இறங்குகலம், நார்மண்டியில் ஒமாஹா என்று பெயரிட்டிருந்த கரையை நெருங்கும்போது தாக்குதலுக்கு உள்ளானது. குண்டுச் சில்லுகள் அவருடைய தொடையிடுக்கிலும் முதுகிலும் பாய்ந்தன. காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு கரையேறியவர், அங்கேயே ஒரு முதலுதவி இடத்தை அமைத்தார். அடுத்த 30 மணி நேரம் குண்டுகளை எடுத்தார், பிளாஸ்மா ஏற்றினார், ஒருவரின் பாதத்தைத் துண்டித்து உயிரைக் காப்பாற்றினார், நீரில் மூழ்கியவர்களுக்குச் செயற்கை மூச்சுக் கொடுத்தார். சுமார் 200 பேருக்கு மருத்துவம் பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. கடைசியில் தானே மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவக் கப்பலுக்குக் கொண்டு போனார்கள். கொஞ்சம் தேறியதும் திரும்பக் கரைக்கே அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். வயது 21.

இதற்காக அவருக்குக் கிடைத்தவை வெண்கல நட்சத்திரமும், போரில் காயம்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட்டும். கறுப்பினப் பத்திரிகைகள் அன்றே அவரைக் கொண்டாடின. ஒமாஹாவில் அவர் செய்ததை யாரும் மறுக்கவும் இல்லை. அதற்கு இந்தப் பதக்கம் போதுமா, இதைவிடப் பெரிய ஒன்றுக்கு அவருடைய மேலதிகாரி பரிந்துரைத்தாரா, பரிந்துரைத்திருந்தால் அந்தத் தாள் எங்கே போயிற்று என்பதுதான் பிரச்சினை.

மூன்று கதவுகள்

உட்சன் குடும்பம் எவ்வளவு உயரமான சுவரில் மோதியது என்பது புரிய வேண்டுமென்றால், விடுபட்ட பதக்கம் என்பதில் வகைகள் உண்டு என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

முதல் வகை, ஏற்கெனவே உரிமையான பதக்கம், ராணுவத்தை விட்டு வெளியேறும்போது தரும் விடுவிப்புச் சான்றிதழில் ஏறாமல் போனது. 1950 முதல் அமெரிக்கப் படைகளில் அந்தச் சான்றிதழின் பெயர் டிடி-214. அதைத் தட்டச்சு செய்த எழுத்தர் அவசரத்தில் விட்டிருக்கலாம். பல நேரம் எழுத்தர் மேல் தப்பே இருக்காது. அன்றைக்கு அந்தப் பதக்கமே பிறந்திருக்காது. கொரியப் போரில் சண்டையிட்டவர்களுக்குத் தென்கொரியா தர முன்வந்த போர்ச் சேவைப் பதக்கத்தை அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது 1999இல்தான். வியட்நாமில் இருந்த ராணுவப் பிரிவுகளுக்கு அந்நாட்டு அரசு வழங்கிய வீரச் சிலுவைப் பிரிவு விருது 1974ஆம் ஆண்டின் 8ஆம் எண் பொது உத்தரவில் மொத்தமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் பெரும்பாலான வீரர்கள் வீடு திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின் காலாட்படை வீரர்களுக்கு இன்னொரு விசித்திரமான உரிமை உண்டு. போரின்போது காலாட்படைப் பேட்ஜ் அல்லது போர்க்கள மருத்துவப் பேட்ஜ் பெற்றிருந்தால், 1947இல் வந்த கொள்கைப்படி வெண்கல நட்சத்திரமும் உண்டு. இது தெரியாமலே செத்துப்போனவர்கள் எத்தனையோ பேர்.

இந்த வகைக்கு வழக்கறிஞர் வேண்டாம், கட்டணமும் கிடையாது. செயின்ட் லூயிஸ் நகரையொட்டியுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவத்தில் எழுதினால் போதும். கோப்பைப் பார்த்து, உரிமை இருக்கிறதென்று தெரிந்தால் டிடி-215 என்ற திருத்தத் தாள் வரும். பழைய சான்றிதழைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுத மாட்டார்கள். திருத்தம் அதோடு ஒட்டி நிற்கும். உயிரோடு இருப்பவருக்கு மட்டுமல்ல, இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

இரண்டாவது, மையத்தால் முடிவுசெய்ய முடியாதவை. அவை ராணுவ ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போகும். படிவம் டிடி-149. பிழை தெரியவந்த மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும் என்பது சட்டம்; நியாயம் கருதி வாரியம் அந்தக் காலக்கெடுவைத் தள்ளி வைக்கலாம். இங்கே பொதுவாக அடிபடுவது பர்ப்பிள் ஹார்ட் கோரிக்கைகள். எதிரியின் செயலால் காயம் என்று காட்ட வேண்டும், மருத்துவர் பார்த்தார் என்று காட்ட வேண்டும், அந்தச் சிகிச்சை பதிவில் ஏறியிருக்கவும் வேண்டும். உடம்பில் தழும்பு மட்டும் இருந்தால் போதாது.

மூன்றாவது கதவுதான் கடினமானது: அன்றைக்குத் தரப்படாத ஒரு வீரப் பதக்கத்தை இன்றைக்குத் தரச் சொல்வது. இது பிழைத் திருத்தம் ஆகாது, புதிய முடிவு. காலக்கெடு கடந்துவிட்டால், 1996இல் சேர்ந்த ஒரு சட்டப் பிரிவின்படி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர் மூலம் அனுப்ப வேண்டும். பரிந்துரைப் படிவம், நடந்ததன் விவரிப்பு, கண்ணால் பார்த்தவர்களின் உறுதிமொழி, அன்றைய மேலதிகாரிகளின் ஒப்புதல் எல்லாம் கேட்பார்கள். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் என்றால் காலக்கெடுவைத் தளர்த்தத் தனியாகச் சட்டமே இயற்ற வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. திருத்த வாரியங்கள் உருவானதே 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதற்கு முன் ஒரு வீரரின் ஆவணத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானாலும் காங்கிரஸில் தனி மசோதா வர வேண்டும். அந்தத் தலைவலியை ஒழிக்கத்தான் வாரியம் வந்தது. உயர்ந்த பதக்கம் என்று வந்துவிட்டால் இன்றும் கடைசியில் மசோதாவிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆறாம் மாடி

சரி, உட்சனின் கோப்பு எங்கே? 1973 ஜூலை 12, நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில், செயின்ட் லூயிஸ் புறநகரான ஓவர்லேண்டில் இருந்த அந்த ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. கட்டடத்தை வடிவமைத்தவர் மினோரு யமசாகி, பின்னாளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்தவர். கோப்புகள் அடுக்கியிருந்த பகுதிகளில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் வைக்கவில்லை. தண்ணீர் பட்டால் தாள் கெட்டுப்போகும் என்ற வாதம் அந்தக் காலத்தில் ஆவணக் காப்பாளர்களிடையே பலமாக இருந்தது. கடைசியில் தீயை அணைக்க லட்சக்கணக்கான கேலன் தண்ணீரைக் கொட்டினார்கள். எரியாமல் தப்பியவை நனைந்து பூஞ்சை பிடித்தன. தீ எப்படி வந்தது என்பது கடைசிவரை உறுதியாகத் தெரியவில்லை.

1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி முதல் நாள்வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 விழுக்காடு போயிற்று. அதாவது இரண்டு உலகப் போர்களும் கொரியப் போரும் அதற்குள் அடக்கம். அவற்றுக்கு நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை. என்னென்ன இருந்தன என்பதற்குப் பட்டியல்கூட இல்லை. நனைந்தவற்றில் ஒரு பகுதியை மெக்டோனல் டக்ளஸ் விமான நிறுவனத்தின் வெற்றிடக் கூடத்தில் உலர்த்தி மீட்டார்கள். விளிம்பு கருகிய அந்தத் தாள்களை இன்றும் கையுறை போட்டுத்தான் புரட்டுகிறார்கள்.

உட்சனின் கோப்பு மிஞ்சவில்லை.

கோப்பு எரிந்துவிட்டால் மையம் சும்மா கைவிரித்துவிடுவதில்லை. கடைசிச் சம்பளப் பட்டியல், படைப்பிரிவின் அன்றாடக் காலை அறிக்கைகள், ராணுவ மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகள் என்று வேறு இடங்களில் இருப்பவற்றைக் கொண்டு கோப்பை மீண்டும் கட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் எந்தப் பிரிவில் இருந்தார், எப்போது காயம்பட்டார் என்பதை இவற்றால் நிறுவிவிடலாம். முதல் இரண்டு கதவுகளுக்கு இது பெரும்பாலும் போதும். ஆனால் ஒரு கேப்டனோ மேஜரோ ‘இவருக்கு இந்தப் பதக்கம் தர வேண்டும்’ என்று எழுதிய பரிந்துரை சம்பளப் பட்டியலில் இருக்காது.

இரண்டு முறை தவறிய வாய்ப்பு

இரண்டாம் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின அமெரிக்கர்கள் சீருடை அணிந்தார்கள். போர் முடிந்தபோது அவர்களில் ஒருவருக்குக்கூட மெடல் ஆஃப் ஹானர் இல்லை. இது ஏன் என்று ஆராய 1990களில் ராணுவமே ஷா பல்கலைக்கழகத்திடம் பொறுப்பைக் கொடுத்தது. ஆய்வுக்குழு பத்துப் பேரின் பெயரை முன்வைத்தது. அவர்களில் ஏழு பேருக்கு 1997 ஜனவரி 13 அன்று அதிபர் கிளின்டன் அந்தப் பதக்கத்தை வழங்கினார். உயிரோடு வந்து வாங்கிக்கொண்டவர் வெர்னன் பேக்கர் ஒருவர்தான்.

அந்த ஏழு பேரில் ஆறு பேர் ஏற்கெனவே டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் பெற்றவர்கள். மெடல் ஆஃப் ஹானருக்கு அடுத்தபடியான பதக்கம் அது. இன்னொருவரிடம் அதற்கும் அடுத்த படியான சில்வர் ஸ்டார் இருந்தது. இதைக் கவனிக்காமல் போனால் உட்சன் விவகாரம் புரியாது. மேலே ஏற்றுவதற்கு, நடைமுறையில் முதலில் அதற்கு நெருங்கிய கீழ்ப்படியில் நின்றிருக்க வேண்டும். கீழ்ப்படியில் நின்றவர்களுக்குத் தாள் இருந்தது, பாராட்டுரை இருந்தது, சாட்சிகளின் பெயர் இருந்தது. உட்சனிடம் இருந்தது வெண்கல நட்சத்திரம். அவருடைய பெயரும் பேசப்பட்டது, ஆனால் எடுத்துக்காட்ட ஆவணம் கிடைக்கவில்லை. 1944இல் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் தராமல் விட்டது, அரை நூற்றாண்டு கழித்து இரண்டாவது முறையாகவும் அவரை வரிசைக்கு வெளியே நிறுத்தியது. அநியாயத்தைச் சரிசெய்ய வந்த ஆய்வுக்கும் பழைய அநியாயம் விட்டுவைத்த தாள்களைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஆய்வுக்குழுவை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தேடாமல் விட்டதாகத் தெரியவில்லை. மெடல் ஆஃப் ஹானருக்கென்று எந்தக் கறுப்பின வீரருக்கும் எழுதப்பட்ட பரிந்துரைத் தாள் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

உட்சன் இதற்கிடையில் மேரிலாந்தில் மருத்துவ ஆய்வகத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றிருந்தார். 2005இல் தம் 83ஆவது வயதில் காலமானார்.

ட்ரூமன் நூலகத்தில் கிடைத்தது

தாள் கிடைத்தது ராணுவத்தின் கிடங்கில் அல்ல. 320ஆவது பிரிவைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பத்திரிகையாளர், ட்ரூமன் நூலகத்தில் பிலியோ நாஷ் என்பவரின் கோப்புகளைப் புரட்டும்போது அதைக் கண்டார். நாஷ் போர்க்காலத்தில் போர்த் தகவல் அலுவலகத்தில் இனப் பிரச்சினைகளைக் கவனித்தவர். பிறகு ட்ரூமனின் வெள்ளை மாளிகையில் வேலை செய்தவர். அதனால் அவருடைய காகிதங்கள் மிசௌரி மாநிலத்தின் மேற்கு ஓரத்திலுள்ள இண்டிபென்டன்ஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. கோப்புகள் எரிந்த செயின்ட் லூயிஸ் அதே மாநிலத்தின் கிழக்கு ஓரம்.

1944இல் வெள்ளை மாளிகை உதவியாளர் ஜொனாதன் டேனியல்ஸுக்கு நாஷ் எழுதிய சிறு குறிப்பு அது. பிலடெல்பியாவைச் சேர்ந்த இந்தக் கறுப்பின வீரரை அவருடைய தளபதி டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். ஜெனரல் லீயின் அலுவலகம் இவர் மெடல் ஆஃப் ஹானருக்கே தகுந்தவர் என்று கருதுகிறது. அது போதுமான அளவு பெரிய பதக்கம் என்பதால், சில வெள்ளைப் பையன்களுக்குச் செய்ததுபோல் அதிபரே தம் கையால் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். லீ என்பவர் ஐரோப்பாவில் அமெரிக்கப் படைகளின் வழங்கல் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஜான் சி. எச். லீ.

இதை ஒரு சாட்சியமாக எடைபோட்டுப் பார்க்கலாம். அன்றே எழுதப்பட்டது. எழுதியவர் அரசு அலுவலர், தம் வேலையின் பகுதியாக எழுதியவர். 70 ஆண்டு கழித்து ஒரு விதவைக்குப் பயன்படும் என்று நினைத்து யாரும் இதை ஜோடித்திருக்க முடியாது. இவை அதன் பலம். மறுபக்கம், இது பரிந்துரை இல்லை, பரிந்துரையைப் பற்றிக் கேட்டறிந்து எழுதியது. தளபதியின் கையெழுத்து இல்லை. உட்சன் என்ன செய்தார் என்ற விவரிப்பு இல்லை. விதிப்புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர், இது படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பும் என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்தான்.

உட்சனின் மனைவி ஜோன் உட்சனும், அவர் சார்பில் மேரிலாந்தின் காங்கிரஸ் உறுப்பினர் கிறிஸ் வான் ஹோலனும் 2015 முதல் ராணுவத்திடம் கேட்டு வந்தார்கள். அசல் ஆவணம் இல்லாமல் செய்வதற்கில்லை என்ற பக்கமே ராணுவம் நின்றது. 2020இல் மெடல் ஆஃப் ஹானர் வழங்க வகைசெய்யும் மசோதா காங்கிரஸில் அறிமுகமானது, நிறைவேறவில்லை. 2023 அக்டோபரில் ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறையருகே வெண்கல நட்சத்திரமும் போர்க்கள மருத்துவப் பேட்ஜும் முறைப்படி வழங்கப்பட்டன. நார்மண்டியின் 80ஆம் ஆண்டு நினைவுநாளுக்குச் சில நாட்கள் முன்பு, 2024 ஜூன் தொடக்கத்தில், டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் அவருக்கு வழங்கப்படும் செய்தி வெளியானது. உட்சன் ஒரு காலத்தில் இணைக்கப்பட்டிருந்த முதலாம் ராணுவத்தின் வீரர்கள் அந்தப் பதக்கத்தை ஒமாஹா கரைக்கு எடுத்துச் சென்றார்கள். ஜோனுக்கு அப்போது வயது 95.

பதக்க விதிகள் கண்டிப்பாக இருப்பதை நான் எதிர்க்கவில்லை. போலிப் பதக்கங்களை மாட்டிக்கொண்டு திரிபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தால் உண்மையாகப் பெற்றவருக்குத்தான் அவமானம். ஆனால் ஆதாரத்தைக் காட்டு என்று சொல்கிறவரும், ஆதாரத்தைப் பாதுகாக்கத் தவறியவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, அந்தக் கண்டிப்பின் சுமையை யார் தூக்குவது? 1973க்குப் பிறகு அமெரிக்க அரசு இதற்கு ஒரு பாதி விடைதான் வைத்திருந்தது. சேவைக்காலம், ஓய்வூதியம், மருத்துவச் சலுகை போன்றவற்றுக்கு மாற்று ஆவணங்களை ஏற்றுக்கொண்டது. வீரப் பதக்கம் என்றபோது அசல் பரிந்துரையை விட்டு இறங்கி வர இத்தனை காலம் பிடித்தது. நாஷின் குறிப்பு, அன்றைய பத்திரிகைச் செய்திகள், ஏற்கெனவே தரப்பட்ட வெண்கல நட்சத்திரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 2015இல் அவை எவ்வளவு வலுவாக இருந்தனவோ அதே வலுதான் 2024இலும்.

கிடைத்த பதக்கத்தை அந்தக் குறிப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. குறிப்பில் இரண்டு செய்திகள் உண்டு: தளபதி கேட்டது டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ், லீயின் அலுவலகம் கருதியது மெடல் ஆஃப் ஹானர். ராணுவம் 2024இல் கொடுத்தது முதலாவதற்குச் சரியாகப் பொருந்துகிறது. முதல் பாதி சரிதான் என்று பதக்கத்தாலேயே ஒப்புக்கொண்டபின், அதே தாளின் இரண்டாம் பாதியைத் தள்ளுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். தவிர, 1997இல் மற்ற ஆறு பேர் எந்தப் படியிலிருந்து மேலே ஏறினார்களோ, அந்தப் படியில் உட்சன் இப்போது நிற்கிறார். மெடல் ஆஃப் ஹானர் கேட்பதைக் குடும்பமும் வான் ஹோலனும் விடவில்லை. அதற்குக் காலக்கெடுவைத் தளர்த்தும் சட்டம் காங்கிரஸில் நிறைவேற வேண்டும்.